மறந்துபோன வழக்கு

நாடிக்கட்டுத் துணி மறுபடியும் நழுவியது. ஆஸ்பத்திரியில் கரண்டு வைத்ததில் வைத்தியலிங்கத்தின் தாடை ஒரு பக்கம் சுருங்கி இறுகிப்போயிருந்தது. கழுத்துத் தோல் சட்டியின் அடியைப் போலக் கறுத்திருந்தது. தங்கமணி துணியை அவிழ்த்து, புருஷனின் உச்சந்தலையில் மறுபடி முடிச்சிட்டாள். அழ வந்த பெண்கள் அவள் அழாததைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்குத் தூங்கினால் போதும்போல் இருந்தது.

பக்கத்து வீட்டு ராமாயி காதருகே குனிந்தாள். “ஒங் கொழுந்தன் வாசல்ல வந்து நிக்கிறாரு. கொள்ளி அவரு வைக்கலாமான்னு கேக்குறாங்க. புள்ள இல்லாத வீடு, நீதான் சொல்லணும்.”

துரைராசு. குத்தகைக்காரர் பெயரைப் பதிய வேண்டும் என்று சட்டம் வந்தபோது, அண்ணனும் தம்பியும் சேர்ந்து உழுத நிலத்தை, மிராசுதாரே ஆள் வைத்துச் சாகுபடி செய்தார் என்று தாசில்தார் முன்னால் சொன்னவன். அவனுக்கு மிராசுதாரின் ரைஸ்மில்லில் வேலை கிடைத்தது. வைத்தியலிங்கத்துக்கு நிலம் போனது. “என் பொணத்தக்கூட அவன் தொடக் கூடாது” என்று விவசாயிகள் சங்கக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொன்னார்.

அதற்கப்புறம்தான் மூக்குக்குப் பின்னால் கட்டி வந்தது. மெட்ராஸ் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் இரண்டு பொட்டிலும் கதிர்வீச்சுக் கரண்டு வைத்தார்கள். கட்டி கரைந்தது. ஊருக்குத் திரும்பி ஒரு போகம் நன்றாகத்தான் இருந்தார். பிறகு மெல்ல ஆரம்பித்தது. கடைக்குப் போனவர் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நிற்பார். மண்வெட்டிக்குப் பெயர் கிடைக்காமல் ‘அது, அது’ என்பார். மறுபடி காட்டப் போனபோது தங்கமணி டாக்டரிடம் கேட்டாள்.

“கரண்டு மூளையிலயும் கொஞ்சம் பட்டிருக்கும்மா. கட்டிய எரிக்க வேற வழி இல்ல. பழசு நிக்கும். நடுவுல உள்ளது போகும்.”

நடுவில் உள்ளதோடு தம்பியோடு இருந்த வழக்கும் போயிற்று.

“தொரைராசு எங்க? மடைக்குப் போயிருக்கானா?” என்பார் காலையில். அவள் நடந்ததைச் சொல்வாள். அவர் முகம் வெளிறும். “எந் தம்பியா?” என்பார். சாயங்காலம் மறுபடியும் அதே கேள்வி. சொல்லும்போதெல்லாம் அவரைப் புதிதாக அடிப்பதுபோல் இருந்தது. ஒருநாள் அலுத்துப்போய், “ஆமா, மடைக்குத்தான் போயிருக்காரு” என்றாள். அவர் நிம்மதியாகக் கஞ்சியை விழுங்கினார்.

கட்டி திரும்ப வந்து அவர் படுக்கையில் விழுந்தபோது, துரைராசுக்கு ஆள் அனுப்பியவளும் அவள்தான். அவன் பயந்துகொண்டே வந்தான். அண்ணன் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, சரியாகத் திறக்காத வாயால் நாற்றங்காலைப் பற்றியே பேசினார். அவன் விசும்பி விசும்பி அழுதான்.

தங்கமணி வாசலுக்கு வந்தாள். சங்கத்து ஆட்கள் ஒரு பக்கமாக நின்றிருந்தார்கள்.

“வைத்தி அன்னிக்குச் சொன்னது எங்களுக்கெல்லாம் ஞாபகம் இருக்கு, தங்கச்சி” என்றார் சங்கத் தலைவர் நல்லக்கண்ணு.

“அண்ணன் என்னைய மன்னிச்சிட்டாரு. அண்ணியக் கேளுங்க” என்றான் துரைராசு.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். மன்னிப்பதற்கு அவருக்கு என்ன நினைவிருந்தது? இருந்ததெல்லாம் அவளிடம்தான் இருந்தது. பந்தல்காலைப் பிடித்துக்கொண்டாள்.

“அவரே வைக்கட்டும்ண்ணே” என்றாள்.

நல்லக்கண்ணு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பாடை கட்டும் இடத்துக்குப் போனார்.

சுடுகாட்டிலிருந்து ஆட்கள் திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. வாய்க்காலில் குளித்த ஈர வேட்டியோடு துரைராசு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். மற்றவர்கள் போகும்வரை காத்திருந்து கேட்டான்.

“அண்ணி, அண்ணனுக்கு எம்மேல கோவம் இல்லதானே?”

“அவருக்கு இல்ல, தம்பி.”

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான். கொஞ்ச நேரத்தில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனான்.

கொடியில் வைத்தியலிங்கத்தின் வேட்டி ஒன்று காய்ந்து கிடந்தது. தங்கமணி அதை எடுத்து மடித்தாள். கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றாள். அவன் பக்கத்தில் வைத்துவிட்டு, உள்ளே போய் வெறுந்தரையில் படுத்துக்கொண்டாள்.