காலஞ்சென்ற நித்தியானந்தன்

பிராண்டே என்ற டேனிஷ் ஊரில் காற்றாலை இறக்கை செய்யும் தொழிற்சாலையின் சாப்பாட்டு மேசையில் இருந்துதான் நித்தியானந்தன் தன் தாயின் மரண அறிவித்தலைப் போனில் வாசித்தான். தாய் போய்விட்டாள் என்று முதல்நாளே ஊர்க்காரர் ஒருவர் சொல்லியிருந்தார். அக்காள் செல்வமலர் சொல்லவில்லை. அவள் அவனோடு கதைத்து முப்பத்தொன்பது வருசம். ஆனாலும் அறிவித்தலில் பெயரை விடமாட்டாள் என்று நம்பினான். செத்த வீட்டு அறிவித்தலில் தன் பெயர் எத்தனையாவது வரியில் வருகிறது என்று பார்க்காத யாழ்ப்பாணத்தான் இன்னும் பிறக்கவில்லை. பெயர் இருந்தது. 'செல்வமலர், காலஞ்சென்ற நித்தியானந்தன் ஆகியோரின் பாசமிகு தாயாரும்' என்று இருந்தது.

தின்ற பாண் துண்டை வைத்துவிட்டு, அறிவித்தல் போடுகிறவர்களுக்குப் போன் அடித்தான்.

"பிழையாப் போட்டிருக்கிறியள். அந்த மகன் உயிரோட இருக்கிறார்."

"மகள் எழுதித் தந்தபடிதான் போட்டிருக்கிறம், அண்ணை. நீங்கள் அந்த அம்மாவுக்கு என்ன முறை?"

நித்தியானந்தன் போனை வைத்துவிட்டான்.

செல்வமலர் எதையும் யோசிக்காமல் செய்கிறவள் அல்ல. தாய்க்குக் கொள்ளி வைப்பது மகன். மகன் இல்லையென்றால்தான் பேரன். அம்மா இருந்தது டோஸ்ட்ருப்பில், செல்வமலரின் வீட்டில். செல்வமலர் கோயிலுக்குப் போகும் வெள்ளிக்கிழமைகளில், நேரம் பார்த்து அம்மா அவனுக்குப் போன் எடுப்பாள். "நீதான் எனக்குக் கொள்ளி வைக்கவேணும் மோனை" என்று சொல்லாமல் ஒரு நாளும் வைத்ததில்லை. அக்காள் என்றோ ஒரு நாள் அதைக் கேட்டிருக்கவேண்டும். கேட்டுத்தான் அவனைச் சாகடித்திருந்தாள்.

அவளுக்கு அந்த உரிமை இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. எண்பத்தாறில் நித்தியானந்தன் ஒரு இயக்கம், அவள் புருசன் தங்கவடிவேல் இன்னொரு இயக்கம். நித்தியானந்தனின் இயக்கம் தங்கவடிவேலின் ஆட்களைத் தேடித்தேடிச் சுட்ட கிழமையில், அவர் அம்மாவின் நெல் அறைக்குள் ஒளித்திருந்தார். போய்ச் சொன்னது பத்தொன்பது வயது நித்தியானந்தன்தான். விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்கள். அவன் நம்பினான், அல்லது நம்புவது வசதியாக இருந்தது. சந்தியில் வைத்துச் சுட்டார்கள். உடலைக் கொடுக்கவில்லை. அவர் மகன் சுபாங்கன் அப்போது எட்டு மாதப் பிள்ளை.

சனிக்கிழமை, மனைவி விமலராணி மறித்தும் கேளாமல், மூன்று மணித்தியாலம் கார் ஓடி, கடல் பாலம் தாண்டி டோஸ்ட்ருப்புக்குப் போனான். தகனசாலை மண்டபத்தில் தெரிந்த முகங்கள் எல்லாம் தரையைப் பார்த்தன. செத்தவனோடு என்னத்தைக் கதைப்பது?

"மகன்மார் ஒருத்தரும் இல்லையோ?" என்று ஐயர் கேட்டார்.

"இல்லை ஐயா. பேரன் நிக்கிறான்." செல்வமலர் நித்தியானந்தனின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

வேட்டியை இறுக்கிக்கொண்டு முன்னால் வந்த சுபாங்கன், மூலையில் நின்று அழுகிற மனிதர் யார் என்று டேனிஷில் கேட்டான்.

"ஊர் ஆள் ஒருத்தர்" என்றாள் செல்வமலர்.

கிரியை முடிந்து வாய்க்கரிசி போட்டார்கள். உறவுகள் போட்டு, ஊர்ச்சனம் போட்டு, வரிசையின் கடைசியில் நித்தியானந்தன் வந்தான். தட்டில் கை விட்டு ஒரு பிடி அள்ளினான். அம்மாவின் முகம் ஒரு முழத் தூரத்தில் இருந்தது. செல்வமலர் பெட்டியின் மூடியில் கை வைத்தாள்.

"அக்கா, ஒரு பிடி."

முப்பத்தொன்பது வருசத்தில் அவன் அவளோடு பேசிய முதற்பேச்சு அது. அவள் குரலை உயர்த்தவில்லை.

"அவருக்கு ஒரு பிடி போட என்னை விட்டவங்களோ?"

பிறகு மற்றப் பக்கம் திரும்பி, "மூடுங்கோ, நேரம் போகுது" என்றாள். மூடினார்கள். இந்த நாட்டில் கொள்ளி என்பது ஒரு பொத்தான்தான். சுபாங்கன் அதை அழுத்தினான். பெட்டி உள்ளே போனது.

திரும்பும்போது பாலத்தில் காற்று காரைப் பக்கவாட்டில் தள்ளியது. நித்தியானந்தன் ஒற்றைக் கையாலேயே ஓட்டினான். மற்றக் கை மடியில் பொத்தியபடி கிடந்தது. உள்ளே வியர்வையில் அரிசி ஊறத் தொடங்கியிருந்தது.