எழுபதுக்குள்ளே

ஊர் ஊராகப் போய் ஆடுகிற கோல்ஃப் சுற்றில் அவனை எல்லோரும் மாப்ள என்றுதான் கூப்பிட்டார்கள். காரணம், அவனுடைய பையைச் சுமந்து வந்தவர் அவன் மனைவியின் அண்ணன். மைதானம் முழுக்க "மாப்ள, காத்து இடப்பக்கம்", "மாப்ள, அவசரப்படாத" என்று மச்சான் சொல்லிச் சொல்லி, மற்ற ஆட்டக்காரர்களுக்கும் அது ஒட்டிக்கொண்டது. ஆட்டம் தொடங்கும் இடத்தில் பெயரை அறிவிக்கிறவரே ஒருமுறை வாய் தவறி அப்படி அறிவித்துவிட்டார். முப்பத்தொன்பது வயதில் அவன் ஊருக்கே மாப்பிள்ளை ஆனான்.

ஜனவரியில் தொடங்கினால் அக்டோபர் கடைசி வரை இருபத்தாறு போட்டிகள். ஒவ்வொன்றும் வியாழன் முதல் ஞாயிறு வரை. வெள்ளிக்கிழமை மாலை, அதுவரை சேர்ந்த கணக்கைப் பார்த்துப் பாதிப் பேரை வெட்டிவிடுவார்கள். அதற்குக் 'கட்' என்று பெயர். தப்பியவர்கள் சனி, ஞாயிறு ஆடிப் புள்ளிகள் சேர்க்கலாம். ஆண்டு முடிவில் முதல் எழுபது பேருக்குத்தான் அடுத்த ஆண்டு இடம்.

ஆறு ஆண்டுகளாக அவன் அறுபதுக்கும் எழுபதுக்கும் நடுவிலேயே கிடந்தான். ஒரு போட்டியிலும் ஜெயித்ததில்லை. தூக்கி வெளியே போடும் அளவுக்குத் தோற்றதும் இல்லை.

ஏழாவது ஆண்டில் வலது கை உதறத் தொடங்கியது. இருநூறு கெஜத்துக்கு அப்பால் பந்தை அனுப்பும்போது ஒன்றும் இல்லை. குழிக்கு நான்கடி தூரத்தில், குழந்தைகூடத் தட்டிவிடும் பந்தின் முன் நிற்கும்போதுதான், மணிக்கட்டுக்குள் யாரோ சுண்டி இழுத்தது போல் ஒரு துடிப்பு. பந்து குழியைத் தாண்டி ஓடும். மார்ச்சில் இரண்டு போட்டி, ஏப்ரலில் மூன்று போட்டி அப்படிப் போயின. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அவன் பந்தைத் தட்ட நிற்கும்போது சக ஆட்டக்காரர்கள் மரியாதையாக வேறு பக்கம் பார்க்கத் தொடங்கினார்கள். அது அவனுக்கு இன்னும் கேவலமாக இருந்தது.

விடுதி அறைகளும் ஒன்றுபோலவே இருந்தன. ஜன்னல் நான்கு விரல் அளவுக்குத் திறக்கும். அதற்கு மேல் திருகு போட்டு இறுக்கியிருப்பார்கள். சலவை செய்த துண்டுகளில் ஒரே வாசனை. கட்டிலின் எந்தப் பக்கம் குளியலறை என்பது மட்டும் ஊருக்கு ஊர் மாறும். காலையில் எழுந்து சுவரில் முட்டிக்கொண்ட நாள்கள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை போனில் எட்டு வயது மகள், "அப்பா, நீங்க இந்த வாரம் ஜெயிச்சீங்களா, இல்ல வீட்டுக்கு வர்றீங்களா?" என்று கேட்பாள். அவளுக்கு அப்பாவின் வேலையில் இரண்டே முடிவுகள்.

விட்டுவிடலாம் என்று அவன் நினைக்காத நாள் இல்லை. நினைத்த மாத்திரத்தில் மச்சானின் முகம் முன்னால் வந்து நிற்கும்.

மச்சான் நில அளவைத் துறையில் பதினேழு வருடம் வேலை பார்த்தவர். கண்ணால் பார்த்தே நூற்றுநாற்பது கெஜமா நூற்றுநாற்பத்துமூன்றா என்று சொல்வார். தங்கையின் கணவன் முதன்முதலாகச் சுற்றில் இடம்பிடித்த வருடம் வேலையை ராஜினாமா செய்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டார். பை தூக்குகிறவரைக் கேடி என்பார்கள். "நான் கேடியாயிட்டேன்னு எங்கப்பாகிட்ட சொன்னேன். எந்த ஸ்டேஷன்ல போட்டோ மாட்டியிருக்காங்கன்னு கேட்டார்" என்று ஊர் ஊராகச் சொல்லிச் சிரிக்க வைப்பார். அவன் மட்டும் சிரிக்கமாட்டான். நிரந்தர வேலையைத் தனக்காக உதறிவிட்டு வந்த மனிதர். அவரிடம் போய் போதும் மச்சான் என்று எப்படிச் சொல்வது?

ஜூன் மாதம் பதினைந்தாவது போட்டி. பட்டியலில் அப்போது எண்பத்துமூன்றாம் இடம். வெள்ளிக்கிழமை கடைசிக் குழி. நான்கடியில் இருந்து பந்தைத் தட்டிப் போட்டால் 'கட்'டைத் தாண்டலாம். விட்டால் வீடு. பந்துக்குப் பின்னால் குந்தியிருந்தபோது, வேண்டுமென்றே விட்டால் என்ன என்று அவனுக்குத் தோன்றியது. இதை விட்டால் புள்ளி இல்லை. இன்னும் சில போட்டிகள் இப்படிப் போனால் எழுபதுக்கு வெளியே தானாகத் தள்ளிவிடுவார்கள். அவனாக எதையும் சொல்ல வேண்டியதில்லை.

"குழியோட இடது ஓரம், மாப்ள. அவ்வளவுதான்" என்றார் மச்சான்.

அவன் அதற்கும் மூன்று விரல் இடதுபுறம் தள்ளிக் குறிவைத்தான். குற்ற உணர்ச்சியில் நெஞ்சு அடித்துக்கொண்டது. கை மட்டும் அசையாமல் இருந்தது. பல மாதமாக உதறிய கை, தூங்குகிற குழந்தையைத் தடவுவது போல் பந்தைத் தொட்டது. எப்போதும் வெடுக்கென்று ஓடுகிற பந்து மெல்ல உருண்டது. மெல்லப் போன பந்தைச் சரிவு இழுத்தது. அது இடமிருந்து வலமாக வளைந்து, ஓரத்தில் ஒரு கணம் யோசித்து, உள்ளே விழுந்தது.

மச்சான் கொடிக்கம்பை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்தச் சனி ஞாயிறு அவன் போனால் போகட்டும் என்றே ஒவ்வொரு பந்தின் முன்னாலும் நின்றான். ஒவ்வொன்றாக விழுந்தன. நான்காவதாக வந்தான். ஏழு ஆண்டில் அவன் தொட்ட உச்சம் அதுதான். எண்பத்துமூன்றில் இருந்து ஐம்பத்திரண்டுக்கு ஏறினான்.

மனைவி போனில் அழுதாள். "எனக்குத் தெரியும், நீங்க விடமாட்டீங்கன்னு. அண்ணன்கிட்ட குடுங்க." போனை மச்சானிடம் கொடுத்துவிட்டு அவன் காரின் பின்சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டான். வெளியே வாழ்த்துச் சொல்ல வந்தவர்கள் கண்ணாடியைத் தட்டினார்கள். அவன் கண்ணாடியை இறக்கவில்லை.

அதற்குப் பிறகு தோற்கவும் முடியவில்லை. விடலாம் என்று நினைத்த பந்து விழுந்தது. ஆசைப்பட்டுத் தட்டிய பந்து ஓடியது. எதை நினைத்துத் தட்டுகிறோம் என்று அவனுக்கே குழம்பிப்போனது. செப்டம்பரில் அறுபத்தாறுக்கு இறங்கி அங்கேயே நின்றான்.

கடைசிக்கு முந்தைய போட்டியில், சனிக்கிழமை மதியம் மின்னல் வெட்டியதால் ஆட்டத்தை நிறுத்தினார்கள். எல்லோரும் உடைமாற்றும் அறையில் அடைந்து கிடந்தார்கள். ஈரச் சாக்ஸ் நாற்றம். எவரோ சீட்டுக்கட்டை எடுத்தார். அவனும் மச்சானும் கடைசி பெஞ்சில் இருந்தார்கள்.

"மச்சான், ஜூன்ல அந்தக் கடைசிக் குழி. நான் வேணும்னேதான் தள்ளிக் குறி வச்சேன். விடணும்னுதான் தட்டினேன்."

மச்சான் துண்டை மடித்துக்கொண்டிருந்தார். மடிப்பதை நிறுத்தவில்லை.

"மூணு விரல்" என்றார்.

"தெரியுமா?"

"அளக்குறவன்கிட்ட கேக்குற கேள்வியா இது?"

"அப்ப ஏன் ஒண்ணும் சொல்லல?"

மச்சான் மடித்த துண்டைப் பைக்குள் திணித்தார். மழை விட்டது. மீதி ஆட்டத்தில் தூரத்தை மட்டும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே. மாப்ள என்று ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. அந்த மௌனத்தோடு பதினெட்டுக் குழிகள் நடந்தது அவனுக்குக் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு நடந்தது போல் இருந்தது.

கடைசிப் போட்டிக்கு முன்பு, புதன்கிழமை காலை, இருவரும் விடுதிக்குப் பக்கத்தில் இருந்த சலவைக் கடைக்குப் போனார்கள். மெஷினுக்குள் இருவரின் சட்டைகளும் சேர்ந்து சுற்றிக்கொண்டிருந்தன. மச்சான் அதையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"வேலைய விட்டேன்ல, அது உனக்காகன்னு நெனைச்சிட்டு இருக்கியா?"

"பின்ன?"

"என் மேசை கக்கூஸ் கதவுக்குப் பக்கத்துல இருந்துச்சு. பதினேழு வருஷம். யார் எத்தனை தடவை போறாங்கன்னு எனக்குத் தெரியும். எப்படா ஒரு சாக்கு கிடைக்கும்னு இருந்தேன். நீ கிடைச்ச."



"வீட்டுல தியாகின்னு பேரு வாங்கிட்டேன். அத எப்படித் திருப்பிக் குடுக்கறது? அதான் வாயே தெறக்கல. நீ மூணு விரல் தள்ளி நின்னப்பவே சொல்லியிருக்கணும். எனக்கு இந்தப் பொழப்பு புடிச்சிருக்கு, மாப்ள. நீ வெளிய போயிட்டா நானும் போகணுமேன்னு பயந்துட்டேன்."

அவனுக்கு முதலில் வந்தது கோபம்தான். ஏழு வருடம் இந்த மனிதருக்குக் கடமைப்பட்டதாக நினைத்து அறை அறையாகக் கிடந்திருக்கிறான். இவர் சந்தோஷமாக இருந்திருக்கிறார். எழுந்து கடையின் வாசல் வரை போனான். நின்றான். திரும்பி வந்து உட்கார்ந்தான்.

"இந்த வாரம் ஒழுங்கா ஆடுவோம்" என்றான்.

"ஆடுவோம்."

ஆடினார்கள். கை சில குழிகளில் உதறியது, சிலவற்றில் உதறவில்லை. ஆண்டை அறுபத்துநான்காம் இடத்தில் முடித்தான். ஸ்கோர் அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டு நேராகப் போட்டி அலுவலகத்துக்குப் போனான். மேசையில் இருந்த பெண் அடுத்த ஆண்டுக்கான படிவத்தை நீட்டினாள்.

"எனக்கு வேண்டாம்மா. என் இடத்த விட்டுடறேன்."

அவள் அலமாரியைத் திறந்து தேடினாள். "சேர்றதுக்குத்தான் சார் படிவம் இருக்கு. விடறதுக்கு இல்ல. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல." பிரின்டரில் இருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவிக் கொடுத்தாள். "உங்க கைப்பட எழுதிக் குடுங்க."

நான்கு வரி எழுதினான். கையெழுத்து நேராக வந்தது.

அந்த இடம் எழுபத்தொன்றாம் ஆளுக்குப் போனது. நெட்டையன் என்று சுற்றில் அவனைக் கூப்பிடுவார்கள். கார் நிறுத்துமிடத்தில் நெட்டையன் தன் டிக்கியில் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது அலுவலகத்தில் இருந்து போன் வந்தது. கேட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். மச்சான்தான் போய்க் கைகொடுத்து எழுப்பினார். எழுப்பியவர் திரும்பி வர அரை மணி நேரம் ஆனது. நெட்டையனுக்கு அடுத்த ஆண்டு பை தூக்க ஆள் இல்லையாம்.

"போகட்டுமா, மாப்ள?"

"போங்க மச்சான். குழிக்குக் கிட்ட இருக்கற பந்துல அவன் அவசரப்படுவான். பாத்துக்கங்க."

மனைவிக்குப் பேருந்தில் இருந்து போன் செய்தான். எல்லாவற்றையும் சொல்லி முடித்தான்.

"அண்ணன் என்ன பண்ணுவான்?"

"அவருக்கு ஒரு குறையும் இல்ல. நீயே கேளு."

"நீங்க?"

"தெரியல" என்றான். அது உண்மை. ஜன்னலை முழுக்கத் தள்ளித் திறந்தான். காற்று முகத்தில் அடித்தது. பின்சீட்டுக்காரர் குளிருகிறது, மூடுங்கள் என்றார். பாதி மூடினான்.

நவம்பர் முதல் வியாழன் வீட்டில் ஐந்து மணிக்கே விழித்துக்கொண்டான். வலது கையை உயர்த்திப் பார்த்தான். லேசாக உதறியது. எழுந்து போய், மகள் பள்ளிக்குக் கிளம்பும் நேரம் என்ன என்று மனைவியை எழுப்பிக் கேட்டான்.