அன்னாசிக் கறியின் கைப்பக்குவம்

என் ஓரகத்தியிடம் நான் புதிதாக ஒரு பொய்யும் சொல்லவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்து வருடமாக ஊருக்கெல்லாம் எதைச் சொன்னேனோ, அதையேதான் அவளிடமும் சொன்னேன்.

எங்கள் சாப்பாட்டுக் கடைக்குப் பெயர் வாங்கித் தந்தது அன்னாசி போட்ட பன்றிக்கறி. அது என் கறி. வாசல் பலகையில் 'புத்தம்புது அன்னாசியில் ஊறியது' என்று மாமனார் எழுதி வைத்திருக்கிறார். ஜன்னலில் எப்போதும் இரண்டு பழம் கிரீடம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வாரக் கடைசியில் அவற்றை என் பிள்ளைகள் தின்பார்கள். கறிக்குள் போவதெல்லாம் டின் பழம். இரண்டு தெரு தள்ளி வாங்கி, வெங்காய மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைப்பேன். ஊறப்போடும் நேரத்தில் கதவைச் சாத்திவிடுவேன். என் புருஷன் உட்பட யாருக்கும் உள்ளே வேலை இல்லை.

ஆரம்பத்தில் நானும் புதுப் பழம்தான் போட்டேன். சாயங்காலம் ஊறவைத்துக் காலையில் திறந்தால் கறியைக் காணோம், கூழ்தான் இருந்தது. வேகாத அன்னாசி இறைச்சியைத் தின்றுவிடும். டின்னில் அடைக்கும்போதே வெந்துவிடுவதால் டின் பழம் சாதுவாகக் கிடக்கும். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. பலகை எழுதியாகிவிட்டது, பெயரும் வந்தாகிவிட்டது.

சின்னவள், அதாவது என் கொழுந்தன் பெண்டாட்டி, மூன்று மாதம் முன்புதான் கடைக்கு வர ஆரம்பித்தாள். வந்த அன்றே என் உப்பு டப்பாவை இடம் மாற்றினாள். "ஏன்க்கா, கரண்டியெல்லாம் இப்பிடிக் குப்பையா கெடக்கு?" என்று மாமனார் காதுபடக் கேட்டாள். எனக்கு அவளைக் கண்டால் ஆகாது. அவளுக்கும் என்னைக் கண்டால் ஆகாது. அந்த ஒரு விஷயத்தில்தான் எங்களுக்குள் ஒற்றுமை. இரண்டு பேரும் முறைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துச் சலித்துப்போய் மாமனார் ஒரு நாள் முடிவாகச் சொன்னார்.

"ஒண்ணாந் தேதியிலேருந்து அடுப்படி ஒருத்திக்கு. இன்னொருத்தி கல்லாவுல உக்காரட்டும்."

இந்தக் குடும்பத்தில் நான் சொன்னது நடக்கிற ஒரே இடம் அந்த அடுப்படிதான்.

அந்த வாரமே, அவள் கழுவிவிட்ட தரையில் வழுக்கி என் வலது மணிக்கட்டு பிசகியது. மூன்று வாரம் அசைக்கக் கூடாது என்று டாக்டர் கட்டுப் போட்டார். அடுத்த நாள் பள்ளிக்கூடத்திலிருந்து ஆர்டர் வந்தது. ஓய்வு பெறும் தலைமை ஆசிரியருக்கு மறுநாள் மதிய விருந்து, நாற்பது பேர், அன்னாசிக் கறி.

"சின்னவ செய்யட்டும். நீ சொல்லிக் குடு," என்றார் மாமனார்.

சொல்லிக் கொடுத்தேன். துண்டின் அளவு, வினிகர், மிளகு, பூண்டு எல்லாம் உள்ளது உள்ளபடி. அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

"பழம்?"

"நல்லாப் பழுத்ததா நாலு. அரைச்சு ஊத்தி, விடியற வரைக்கும் ஊறணும்."

"அவ்வளவுதானா? இதுக்கா கதவைச் சாத்திக்கிட்டு இவ்வளவு பந்தா?"

அந்தப் பேச்சு மட்டும் வராமல் இருந்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன். இல்லை, சொல்லியிருக்க மாட்டேன்.

காலை ஏழு மணிக்கு அவள் மூடியைத் திறந்து கரண்டியை விட்டாள். துண்டாக எதுவும் வரவில்லை, பிசுபிசுவென்று வழிந்தது. அவள் முகம் வெளுத்ததைப் பார்த்து எனக்கு வயிறு குளிர்ந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

"என்னம்மா பண்ணித் தொலைச்சே?" என்றார் மாமனார்.

"அக்கா சொன்னதத்தான் மாமா செஞ்சேன். நோட்டப் பாருங்க!"

அவர் என்னைப் பார்த்தார். "எல்லாம் கைப்பக்குவம் மாமா," என்றேன் பவ்யமாக.

"அப்ப அந்தக் கைப்பக்குவத்தக் காட்டு. ஃபிரிட்ஜுல இன்னும் எட்டுக் கிலோ இருக்கு. ஒரு மணிக்குள்ள கறி போகலேன்னா நாளைக்குக் கடையத் தொறக்கவே வேணாம். இவ ஒனக்குக் கையா நிக்கட்டும்." ஜன்னலில் இருந்த இரண்டு பழத்தையும் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அந்தப் பழத்தைப் போட்டு எனக்குச் சமைக்கத் தெரியாது. எவ்வளவு, எப்போது, ஒன்றும் தெரியாது. சின்னவளை வெளியே விரட்டிக் கதவைச் சாத்தினேன். மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு டின்னை எடுத்து, இடது கையால் ஓப்பனரை வைத்து அழுத்தினேன். டின் நழுவியது. முழங்காலுக்கு நடுவில் இடுக்கிப் பார்த்தேன். சுவரோடு சேர்த்து இடுப்பால் முட்டுக்கொடுத்தேன். அது தடாரென்று விழுந்து கதவுவரை உருண்டது.

கதவு திறந்தது. சின்னவள் குனிந்து டின்னை எடுத்தாள். அதிலிருந்த படத்தைப் பார்த்தாள், பிறகு மேசைமேல் இருந்த பழத்தை, பிறகு என்னை. கத்துவாள், மாமனாரைக் கூப்பிடுவாள் என்று காத்திருந்தேன். கூப்பிடவில்லை.

"தொறந்து குடு," என்றேன்.

"கேக்கற மாதிரி கேளுங்க."

"என்னடி?"

"தயவுசெஞ்சுன்னு கேளுங்க."

கேட்டேன். மொத்தம் ஆறு டின். ஒவ்வொன்றுக்கும் கேட்க வைத்தாள்.

ஊறாவிட்டாலும் நிதானமாக வேகவிட்டதில் கறி தப்பித்தது. தலைமை ஆசிரியர் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார் என்று மாமனாருக்குத் தலைகால் புரியவில்லை. பாத்திரம் கழுவும்போது சின்னவள் என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"மாமாகிட்ட நீங்களே சொல்லிருங்கக்கா. கை இனிமே முன்ன மாதிரி வராதுன்னு."

கட்டு அவிழ்த்து ஒரு மாதம் ஆகிறது. என் கை நன்றாகவே இருக்கிறது. நான் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன். பல்குச்சி போட்டுவைக்க என் எதிரே அவள் ஒரு டின் வைத்திருக்கிறாள். கழுவித் துடைத்த டின், சுற்றியிருந்த அன்னாசிப் படத்தைக் கிழிக்கவே இல்லை. "ஒண்ணையும் வீணாக்காத பொண்ணு," என்கிறார் மாமனார்.

சாப்பிட்டு எழுந்து வருபவர்கள் குச்சியை எடுத்துக்கொண்டே விசாரிப்பார்கள்.

"நெசமாவே புதுப் பழமாம்மா போடறீங்க?"

உள்ளே கரண்டிச் சத்தம் நின்றுவிடும்.

"ஆமாங்க," என்பேன். "புதுப் பழந்தான்."

கரண்டிச் சத்தம் மறுபடி ஆரம்பிக்கும்.