மாற்று ஆள் வராத காவலன்

ஆபீசில் எல்லோருக்கும் அவள் அக்காதான். மேனேஜருக்கே அவளைவிட வயது குறைவு என்பதால் அவரும் வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுவார். கூப்பிட்ட கையோடு ஒரு வேலையைத் தலையில் கட்டிவிட்டுப் போவார். வெளிநாட்டுக் கம்பெனிகள் எடுக்கும் அனிமேஷன் படங்களுக்கு உருவங்களை அசைய வைத்துக் கொடுப்பது அந்த ஆபீசின் தொழில். கதை யாரோ எழுதியது, உருவம் யாரோ வரைந்தது. அது நடப்பதும் திரும்புவதும் பெருமூச்சு விடுவதும் மட்டும் இங்கே. அக்கா இந்த வேலைக்கு வந்து பல வருஷம் ஆகியிருந்தது. மத்தியானம் தாண்டினால் கண் எரியும். சாயங்காலம் வலது தோள் யாருடையதோ மாதிரி தொங்கும்.

அந்த வருஷம் வந்த படம், குளிர்க்கடல் ஓரத்தில் வாழும் ஒரு சிறு கூட்டத்தாரின் பழங்கதை. செத்துப்போன தங்கையைத் தேடி ஒருத்தி கடலுக்கு அடியில் இருக்கும் மறு உலகத்துக்குப் போகிறாள். அதன் வாசலில் ஒரு காவலன். வருகிறவர்களை உள்ளே விடுவதும், திரும்பிப் போகப் பார்க்கிறவர்களைத் தடுப்பதும் அவன் வேலை. அந்தக் காவலன் அக்காவின் பங்குக்கு வந்து சேர்ந்தான்.

படத்தின் டைரக்டர் அந்தக் கூட்டத்திலேயே பிறந்த பெண்மணி. தயாரிப்பாளர் வேறு நாட்டுக்காரர். வாரத்துக்கு ஒருமுறை இரண்டு பேரும் கம்ப்யூட்டர் திரையில் வந்து பேசுவார்கள். இங்கே இருந்தவர்களுக்கோ 'ஓகே', 'ஷ்யூர்' இரண்டையும் தாண்டி வாய் நகராது. எதைக் கேட்டாலும் தலையாட்டிவிட்டு, வீடியோ கால் முடிந்த பிறகு அவர் என்ன சொன்னார் என்று ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொள்வார்கள். பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன மேனேஜர் ஒரு இங்கிலீஷ் வாத்தியாரைப் பிடித்து, வேலை முடிந்ததும் மீட்டிங் ரூமில் வகுப்பு என்று சொல்லிவிட்டார்.

வாத்தியாருக்கு முதல் நாளே 'கிராமர் சார்' என்று பேர் விழுந்துவிட்டது. பகலெல்லாம் கல்லூரியில் கத்திவிட்டு இரண்டு பஸ் மாறி வருகிற மனிதர். உள்ளே வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் யாரையும் பார்க்காமல் இருப்பார். பிறகுதான் எழுந்து போர்டில் எழுதுவார். அன்றைக்கு எழுதியது, புராணக் கதைகளை வைத்து எடுக்கும் படங்களைப் பற்றிப் பேசத் தேவையான சொற்கள்.

"அண்டர்வேர்ல்ட். யாருக்காவது தெரியுமா?"

"துப்பாக்கி, கடத்தல் கோஷ்டிதானே சார்," என்றான் குருவி. கடல் தண்ணீரை அசைய வைக்கிறவன். ஒல்லியாக இருந்து ஓயாமல் பேசுவதால் அந்தப் பேர்.

"இங்க அது இல்ல. செத்தவங்க போற உலகம்."

"ரெண்டும் ஒண்ணுதான் சார். உள்ள போனா வெளிய வர முடியாது."

சார் சிரிக்கவில்லை. அடுத்த சொல்லைத் தொட்டுக் காட்டினார். "மித். இதுல கவனமா இருங்க. ஒரு ஜனங்க காலங்காலமா சொல்லிட்டு வர்ற புனிதமான கதைக்கும் மித்துன்னு பேரு. எல்லாரும் நம்பற ஒரு பொய்க்கும் மித்துன்னுதான் பேரு. நீங்க அந்த டைரக்டர் அம்மாகிட்ட உங்க கதை ஒரு மித்துன்னு சொன்னா, அவங்க எந்த அர்த்தத்துல எடுத்துப்பாங்கன்னு யோசிச்சுட்டுச் சொல்லணும்."

"சொல்லாமயே இருந்துடறோம் சார்," என்றது பின்னால் ஒரு குரல்.

"அனிமேட்டட்னா உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். அதுக்கு இன்னொரு அர்த்தமும் இருக்கு. துறுதுறுன்னு, உசிரோட பேசறவங்கள அப்படிச் சொல்வாங்க."

குருவி சுற்றிலும் பார்த்தான். தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருந்தவர்கள்தான் பாதிப் பேர். "அப்படின்னா இந்த ரூம்ல ஒருத்தரும் அனிமேட்டட் இல்ல சார். உங்களையும் சேர்த்துத்தான்."

இதற்கு சார் சிரித்துவிட்டார்.

அக்கா கையைத் தூக்கினாள். "சார், எமன் டீமனா?"

"ஏம்மா கேக்கறீங்க?"

"தயாரிப்பாளர் என் காவலனை டீமன், டீமன்னே சொல்றார். எமன் உசிர எடுக்கறவர்தான். ஆனா அவரை அரக்கன்னு யாரும் சொல்றதில்லையே. நேரம் வந்தா வர்றார், அவர் வேலையப் பாக்கறார், போறார்."

சார் மார்க்கர் பேனாவை மூடினார், திறந்தார். "நல்ல கேள்வி. டீமன் சரியா வராது. உங்க காவலனுக்கு கார்டியன்னு வச்சுக்குங்க." அவள் அதைக் கையில் எழுதிக்கொண்டாள்.

அக்காவின் வீட்டில் அவள், டெலிவரி வேன் ஓட்டும் புருஷன், அவளுடைய அப்பா. அப்பா ஒரு கோடவுனில் ஆயுசு முழுக்க வாட்ச்மேனாக இருந்தவர். இப்போது நினைவு தடுமாறுகிறது. மகளை மகள் என்று தெரியும். சாப்பிட்டோமா என்பது தெரியாது. ஆனால் விளக்குப் போட்டதும் எழுந்துவிடுவார். முழங்காலில் ஒரு கையை ஊன்றிப் பாதி எழுந்து, நிற்பதா உட்காருவதா என்று உடம்பைக் கேட்டுக்கொள்வது போல ஒரு கணம் நின்று, பிறகு நிமிர்வார். வாசலுக்குப் போய்த் தாழ்ப்பாளை இழுத்துப் பார்ப்பார். திரும்பி வந்து உட்காருவார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும்.

"பூட்டியாச்சுப்பா," என்பாள் அவள்.

"பூட்டியாச்சுன்னு எல்லாரும்தான் சொல்வாங்க. பாக்க வேண்டியது நான்தானே," என்பார்.

வேண்டுமென்று அவள் அதைச் செய்யவில்லை. ஆபீசில், காவலன் எழுந்து நிற்கும் இடம் வந்தபோது கை தானாக அப்படிப் போயிற்று. செய்து முடித்து ஓட்டிப் பார்த்தபோது, திரையில் கொம்பும் செதிலும் வைத்த ஓர் ஆள் முழங்காலில் கை ஊன்றி, பாதியில் நின்று, பிறகு நிமிர்ந்தான். இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தாள். அப்படியே அனுப்பிவிட்டாள்.

அடுத்த வீடியோ காலில் தயாரிப்பாளர் விட்டு விளாசிவிட்டார். மேனேஜர் சுருக்கிச் சொன்னார்: "அக்கா, காவலன் ஏன் டயர்டா இருக்கான்னு கேக்கறார். பாத்தா பிள்ளைங்க நடுங்கணுமாம். மாத்துங்க. இல்ல, அடுத்த வாரம் ஏன்னு நீங்களே சொல்லுங்க."

வீட்டில் புருஷனிடம் சொன்னாள். அவன் சட்டையைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டபடியே கேட்டான். "படம் அவங்களது. மாத்திக் குடுத்துட்டுப் போயேன்."

"மாத்தலாங்க."

"அப்புறம் என்ன?"

என்ன என்று அவளுக்கே தெரியவில்லை. கோபமில்லை, வீம்பும் இல்லை. சண்டை போடத் தெம்பு இருக்கிறவர்கள் போடட்டும் என்று எத்தனையோ தடவை விட்டுக்கொடுத்தவள்தான். இந்த ஒன்றை மட்டும், ஒரு வார்த்தை சொல்லிப் பார்க்காமல் மாற்றினால் யாரையோ வாசலுக்கு வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தியது போல இருக்கும் என்று பட்டது.

மறுநாள் வகுப்பு முடிந்ததும் கிராமர் சாரிடம் போனாள். "சார், களைப்புக்கு டயர்டு மட்டும்தானா?"

"எந்தக் களைப்பு?"

"தூங்கி எந்திரிச்சாலும் போகாதது."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "வியரி," என்றார். "டயர்டுன்னா நேத்து ஓடினோம், இன்னிக்குக் கால் வலிக்குது. வியரின்னா அது எப்ப ஆரம்பிச்சுதுன்னே நமக்கு ஞாபகம் இருக்காது." பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். "நல்லா சொல்லிப் பழகிக்குங்க. அவசரத்துல சொன்னா 'வொரி'ன்னு கேக்கும்."

பஸ்ஸில் சொல்லிப் பார்த்தாள். பாத்திரம் கழுவும்போது சொல்லிப் பார்த்தாள். வீடியோ கால் வந்த அன்றைக்கு, சார் சொன்னபடியே ஆயிற்று.

"ஹி ஈஸ் வியரி," என்றாள்.

"எதுக்காக அவன் வொரி பண்றான்?" என்று கேட்டார் தயாரிப்பாளர், நிஜமாகவே புரியாமல்.

அக்காவுக்குக் காது சூடாயிற்று. கட்டிக் கொண்டுவந்த வாக்கியங்களெல்லாம் ஒரேயடியாகக் கலைந்துபோயின. மேனேஜர் குறுக்கே வரப் பார்த்தார். அவள் "ஒன் மினிட்" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். பிறகு முழங்காலில் கையை ஊன்றிப் பாதி எழுந்து நின்றாள். நிமிர்ந்தாள். மீட்டிங் ரூம் கதவு வரைக்கும் நடந்துபோய்க் கைப்பிடியை இழுத்துப் பார்த்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். எவரும் வாய் திறப்பதற்குள் மறுபடியும் எழுந்தாள். அசைவை முதலில் தன் உடம்பில் செய்து பார்ப்பது இந்தத் தொழிலில் எல்லோரும் செய்கிறதுதான். ஆனால் இது அப்படி இல்லை என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்தது.

டைரக்டர்தான் முதலில் பேசினாள். "இது யார்?"

"மை ஃபாதர். வாட்ச்மேன்."

"இருக்கிறாரா?"

"இருக்கார்," என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, "ஸ்டில் ஆன் டியூட்டி," என்றாள்.

திரையில் டைரக்டர் கண்ணாடியைக் கழற்றினாள். நிறுத்தி நிறுத்தி, இவர்களுக்கும் புரியும்படி எளிய இங்கிலீஷில் சொன்னாள். அவர்கள் பாஷையில் அந்தக் காவலனுக்கு ஒரு பேர் உண்டு. மாற்று ஆள் வராதவன் என்று அதற்கு அர்த்தம். அவனும் ஒருகாலத்தில் மனிதன்தான். ஒரு ராத்திரி மட்டும் நின்றுகொள் என்று சொல்லி நிறுத்திவிட்டுப் போனார்கள். சின்ன வயதில் அம்மா சொல்லும்போது காவலன் கதையின் பாதியில் எப்போதும் தூங்கிவிடுவேன், இதையெல்லாம் மறந்தே போயிருந்தேன் என்றாள்.

அக்காவுக்கு எல்லாம் புரிந்தது. ஒரு வார்த்தைகூடத் தப்பாமல் புரிந்தது அதுதான் முதல் தடவை. தலையாட்டினாள்.

தயாரிப்பாளர் ரொம்ப நன்றி, ரொம்ப அருமை என்றார். அவர் குரலில் ஒன்றும் மாறவில்லை.

முடிவு இரண்டு நாளில் வந்தது. விளம்பரத்துக்கான துண்டுகளிலும் படத்தின் முன்பாதி முழுக்கவும் காவலன் பயங்கரமாகத்தான் இருக்க வேண்டும். கடைசியில் தங்கையைத் தேடி வந்த பெண் திரும்பிப் போகும்போது, பின்னாலிருந்து அவனைக் காட்டும் சின்ன இடம் ஒன்று உண்டு. அதில் மட்டும் அக்காவின் அசைவு இருக்கலாம். டைரக்டர் சண்டை பிடித்து வாங்கியது அவ்வளவுதான். கூடவே இன்னொன்றும் கேட்டிருந்தாள்: இனிமேல் இந்த ஆபீசிலிருந்து தன்னோடு பேச வேண்டியது அக்காதான்.

"உங்களுக்குப் பெரிய பேரு அக்கா," என்றார் மேனேஜர். "வாராவாரம் கால்ல பேசறது நீங்கதான். இருக்கற வேலையோட வேலையா பாத்துக்குங்க."

"சரி சார்," என்றாள். சந்தோஷப்பட வேண்டிய விஷயம் என்று தெரிந்தது. பிறகு ஓய்வாகப் பட்டுக்கொள்ளலாம் என்று தோன்றியது.

அந்த வாரம் முழுக்கக் காவலனை மாற்றினாள். ஒரே மூச்சில் எழுந்து நின்றான். தோள் விரிந்தது, கழுத்து முன்னால் பாய்ந்தது. பல் தெரிந்தது. அரைகுறையாகச் செய்ய அவளுக்கு வராது, நன்றாகவே செய்தாள். பார்த்த குருவி, "பயமாத்தான் இருக்குக்கா," என்றான். அவன் வருத்தமாகச் சொல்கிறான் என்று அவளுக்குப் பட்டது.

வெள்ளிக்கிழமை வகுப்பில் வேறு சொற்கள். புனிதத்துக்கு சேக்ரட், சாபத்துக்கு கர்ஸ், மறுபிறப்புக்கு ரீபர்த். கிராமர் சார் ஒவ்வொன்றையும் சொல்ல, எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் அக்காவின் குரல் மட்டும் வரவில்லை. சார் திரும்பிப் பார்த்தார். மேசையில் மடித்துவைத்த கையின்மேல் கன்னத்தை வைத்து அவள் தூங்கிப்போயிருந்தாள். எழுப்பலாமா என்று குருவி சைகையில் கேட்டான். வேண்டாம் என்று சார் தலையசைத்தார்.

அடுத்த சொல்லை அவர் மெதுவாகச் சொன்னார். மற்றவர்களும் குரலைத் தணித்துத் திருப்பிச் சொன்னார்கள்.