சார்ஜண்ட் பிரயோங்கின் இடக்கைத் தழும்பு

புத்த ஆண்டு 2562, மார்ச் மாதம் ஒன்பதாம் நாள், சனிக்கிழமை. காலை பத்து மணிக்கே வெயில் தகரக் கூரைகளைக் காய்ச்சத் தொடங்கியிருந்தது. நண்பகலுக்குப் பின் கடற்பக்கமிருந்து சிறு காற்று எழுந்து பனைமரங்களை அசைத்தது. மழைக்கான அறிகுறி ஏதும் இல்லை. பெட்சபுரி ஆற்றின் வட கரையிலுள்ள எங்கள் விகாரையில், ஓய்வுபெற்ற சார்ஜண்ட் பிரயோங்கின் உடலுக்கு அன்று மாலை தீ மூட்டப்பட இருந்தது. தீ மூட்டுமுன் அவருடைய வாழ்க்கைக் குறிப்பைக் கூட்டத்தார் முன் படிக்கும் கடமை, அவரோடு ஒரே படைப்பிரிவில் பணிபுரிந்தவர்களில் இன்னும் உயிரோடிருக்கும் ஒரே ஆளான எனக்கு வந்து சேர்ந்தது.

நாற்பத்து நான்கு ஆண்டுகள் அவரை நான் அண்ணன் என்று அழைத்தேன். அவர் படையின் சமையற்காரர். ஓய்வு பெற்ற பின்னர் அவருக்கு மூன்று பேரக்குழந்தைகளே படைப்பிரிவாக அமைந்தனர். மகள் சம்லி விடியுமுன் இனிப்புக்கடைக்குச் சென்றுவிடுவாள். மருமகன் மீன்பிடிப் படகில் மாதக்கணக்கில் கடலிலேயே இருப்பான். ஆதலால் நாள்தோறும் காலை ஆறே முக்கால் மணிக்கு வாசலில் அணிவகுப்பு நடைபெறும். அண்ணன் நகங்களைச் சோதிப்பார், கைக்குட்டைகளைச் சோதிப்பார், பின்னர் பக்கவண்டி பூட்டிய மோட்டார் சைக்கிளில் மூவரையும் ஏற்றிப் பள்ளியில் இறக்குவார். மூக் என்ற இளைய பேத்தியின் சடையை அவரே பின்னுவார். அவருக்குத் தெரிந்தவை கூடாரக் கயிற்று முடிச்சுகள் மட்டுமே. ஒரு முறை அவர் போட்ட முடிச்சை அவிழ்க்க வகுப்பாசிரியை தம் பற்களையும் பயன்படுத்த நேர்ந்தது என்று ஊரார் இன்றும் கூறுவர். பெற்றோர் கூட்டம் ஒன்றைக்கூட அவர் தவறவிட்டதில்லை. ஒவ்வொன்றிற்கும் பதக்கங்கள் அணிந்து, முழுச் சீருடையில் சென்று, தலைமையாசிரியருக்கு வணக்கம் வைத்தார். தலைமையாசிரியர் ஒவ்வொரு முறையும் பதறி எழுந்து நின்றார்.

சடங்கிற்கு நான்கு நாள் முன்னர், மூத்த பேத்தி பிக்குன் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் என் வீட்டிற்கு வந்தாள். செவிலியர் கல்லூரியில் பயிலும் பத்தொன்பது வயதுப் பெண் அவள். பன்னிரண்டு வயதுத் தம்பி கெம்மும், ஏழு வயதுத் தங்கை மூக்கும் அவள் பின்னால் வந்தனர். விருந்தினருக்கு வழங்கும் நினைவுப் புத்தகம் மறுநாள் அச்சுக்குச் செல்ல வேண்டும்.

"சின்னத் தாத்தா, எல்லாம் எழுதியாச்சு. ஒரு இடம்தான் காலி," என்றாள் பிக்குன். "இடது கையில அந்தத் தழும்பு. லாரி மேல குண்டு விழுந்து தீப்பிடிச்சப்ப, டிரைவரை வெளிய இழுத்தாரே, அது எந்த வருஷம்?"

"லாரியா?" என்று குதித்தான் கெம். "ஹெலிகாப்டர், அக்கா! தாத்தா எங்கிட்ட அவரு வாயாலயே சொன்னாரு. இறக்கை சுத்திக்கிட்டே இருந்துச்சாம்."

"ரெண்டும் இல்ல," என்றாள் மூக், இடுப்பில் கையூன்றி. "குகையில நாகராஜா இருந்துச்சு. அது கொட்டாவி விட்டுச்சு. தாத்தா வாயைப் பொத்தப் போனாரு. சுட்டுடுச்சு."

"போடி! நாகம் கொட்டாவி விடுமா?"

"நீ பார்த்தியா?"

"நீ பார்த்தியா?"

"தாத்தா பார்த்தாரு!"

பிக்குன் எழுதுகோலை மேசைமேல் வைத்தாள். "அப்ப எங்க மூணு பேர்கிட்டயும் மூணு கதை சொல்லியிருக்காரு. எது நிஜம்? உங்களுக்குத் தெரியாம இருக்காது, சின்னத் தாத்தா. நீங்க அங்கதானே இருந்தீங்க?"

எனக்குத் தெரியும். என்னைத் தவிர இவ்வுலகில் எவருக்கும் தெரியாது. மூன்று கதைகளும் பிறந்த வேளைகளில் நான் அவ்வீட்டுக் கூடத்தில் அமர்ந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தேன். குழந்தை தழும்பைத் தொட்டுக் கேட்கும்; அண்ணன் ஒரு கணம் என் முகத்தைப் பார்ப்பார்; பின்னர் புதிய கதை ஒன்றைத் தொடங்குவார்.

"பொதுவா எழுதிடலாம்மா," என்றேன். "யாருக்கும் மனசு நோகாது."

அவ்வாறே எழுதினேன்: ‘வட எல்லை மலைமுகாமில் பகைவரை எதிர்த்து நின்றபோது நெருப்பினால் இடக்கையில் விழுப்புண் பெற்றார்.’ அழகிய வாக்கியம். முந்நூறு படிகள் அச்சாயின. பின்னட்டையில் சம்லியின் பனைவெல்லப் பலகாரச் செய்முறை இடம்பெற்றது.

எத்தனையோ சடங்குகளில் முன்வரிசையில் அமர்ந்த எனக்கு ஒரு சிறு விவரம் நினைவிற்கு வராமற் போயிற்று. வாழ்க்கைக் குறிப்பைப் படிப்பதற்கு முன்னர், கூடியிருக்கும் அனைவரும் பிக்குகளிடம் ஐந்து சீலங்களையும் ஏற்க வேண்டும். நான்காவது சீலம் பொய் உரையாமை.

பிற்பகல் மூன்றரை மணிக்கு மண்டபம் நிரம்பியது. படைமுகாமிலிருந்து எட்டு வீரர்களும் ஓர் ஊதுகொம்புக்காரரும் வந்து வெயிலில் விறைத்து நின்றனர். தலைமைப் பிக்கு சீலங்களை ஒவ்வொன்றாகச் சொல்ல, நாங்கள் கைகூப்பித் திருப்பிச் சொன்னோம். நான்காவதை என் நாவே சொல்லி முடித்த பின்னர்தான், மடியிலிருந்த தாள் எனக்குச் சுடத் தொடங்கியது. சொன்ன வாக்கின் ஈரம் உலர்வதற்குள், அண்ணனின் சவப்பெட்டிக்கு எதிரே நின்று நான் பொய் படிக்க வேண்டும். உண்மையைப் படித்தாலோ, என்னைச் சின்னத் தாத்தா என்று அழைக்கும் மூவரும் இனி அவ்வாறு அழைப்பார்களா என்பது தெரியாது. எனக்கு மனைவி இல்லை, பிள்ளைகள் இல்லை. அந்த அழைப்பு மட்டுமே இருந்தது.

"மறைந்தவரின் வாழ்க்கைக் குறிப்பை அவருடைய படைத்தோழர் சோம் வாசிப்பார்," என்று ஒலிபெருக்கி அறிவித்தது.

பிறப்பைப் படித்தேன். திருமணத்தைப் படித்தேன். மலைமுகாம் வந்தது. நின்றுவிட்டேன்.

"தண்ணி குடுங்கடா அவருக்கு," என்றார் பின்வரிசையில் யாரோ.

"தண்ணி வேணாம்," என்றேன். ஒலிபெருக்கியில் அது பெரிதாகக் கேட்டது. "அடுத்த வரி தப்பு. நான்தான் எழுதினேன். இப்பத்தான் சீலம் எடுத்தேன், அதைப் படிக்க வாய் வரல."

பின்னர் தாளை மடித்துவிட்டு, நடந்ததைச் சொன்னேன்.

அது 2518-ஆம் ஆண்டின் மழைக்காலம். ரோந்து சென்ற இருபத்தாறு பேர் இரண்டு நாள் உணவின்றித் திரும்பியிருந்தனர். அண்ணன் கொதிக்கும் கஞ்சிப் பானையைத் தூக்கிக்கொண்டு சமையற்கூடாரத்திலிருந்து வந்தார். நான் அப்போது இருபத்தொரு வயதுப் புதுச் சிப்பாய், மகா சோம்பேறி. என் காலுறைகளை உலர்த்துவதற்காக, நடைபாதையின் குறுக்கே முழங்கால் உயரத்தில் ஒரு கயிறு கட்டியிருந்தேன். அண்ணன் அதில் தடுக்கினார். பானையை வீசியிருந்தால் அவருக்கு ஒன்றும் நேர்ந்திராது. அவர் வீசவில்லை. பானையை இடக்கையால் அணைத்தபடியே சேற்றில் அமர்ந்தார். ஒரு கரண்டிகூடச் சிந்தவில்லை. கையின் தோல் பானையோடு ஒட்டிக்கொண்டது.

"ஆபீசர் வந்து கேட்டாரு. ‘சேறு வழுக்கிடுச்சு ஐயா’ன்னாரு அண்ணன். கயித்தை அதுக்குள்ள அவுத்துத் தன் சட்டைக்குள்ள சுருட்டி வச்சிட்டாரு. இல்லன்னா எனக்கு ஏழு நாள் சிறை. அதுக்கப்புறம் சாகுற வரைக்கும் அவரு யார்கிட்டயும் சொல்லல. நானும் சொல்லல. குழந்தைங்க கேட்டப்பல்லாம் நான் பக்கத்துல உட்கார்ந்திருந்தேன். எனக்காகத்தான் அவரு அத்தனை கதையும் கட்டினாரு."

முன்வரிசையிலிருந்து மூக் குரல் கொடுத்தாள்.

"அப்ப நாகராஜா இல்லவே இல்லையா?"

"இல்லம்மா."

"காலுறையா?"

"காலுறைதான்."

"துவைச்சதா?" என்றான் கெம்.

"சரியாத் துவைக்கல," என்றேன்.

தலைமைப் பிக்கு தம் விசிறியால் முகத்தை மறைத்துக்கொண்டார். விசிறி குலுங்கியது. அதனைக் கண்டு முன்வரிசை சிரித்தது. முன்வரிசையைக் கண்டு மண்டபம் முழுவதும் சிரித்தது. விறைத்து நின்ற எட்டு வீரர்களில் மூவரின் தோள்கள் ஆடின. சம்லி மட்டும் அழுதாள், அழுதுகொண்டே, "எங்கப்பா ஹோட்டல்ல கூடக் கஞ்சியை மிச்சம் வைக்க விடமாட்டாரு. இப்பத்தானே புரியுது," என்றாள்.

அடுத்து, சந்தனச் சீவலால் செய்த மலர்களைப் பெட்டியின் அடியில் வைப்பதற்காக அனைவரும் வரிசையில் நின்றனர். நான் கடைசியில் போய் நின்றுகொண்டேன். பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கும் துணிவு இன்னும் வரவில்லை. வரிசையின் முகப்பிலிருந்து பிக்குன் இறங்கி வந்தாள். மற்ற இருவரும் தொடர்ந்தனர்.

"ஏன் இங்க நிக்கிறீங்க?" என்று அதட்டினாள். "குடும்பத்து ஆளுங்க முன்னாடி."

"நான் செஞ்சதுக்கு..."

"செஞ்சதைச் சொல்லிட்டீங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்தக் கஞ்சி எப்படி இருந்துச்சு?"

அவளிடமும் பொய் சொல்ல இயலவில்லை. "உப்பு கம்மி," என்றேன்.

"எங்களுக்குச் செஞ்சதும் அப்படித்தான்!" என்று கூவினான் கெம். "உப்புக்கு மீன் சாறு கேட்டா, ‘சிப்பாய்க்கு நாக்கு எதுக்கு’ன்னு திட்டுவாரு."

மூக் இன்னும் சமாதானமாகவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "என் நாகராஜாவை நீங்கதான் கெடுத்தீங்க. அதனால தண்டனை உண்டு. திங்கக்கிழமையிலேருந்து நீங்கதான் எங்களை ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போகணும்."

"எத்தனை நாளைக்கு?"

அவள் விரல்களை மடக்கிப் பார்த்தாள், விரல்கள் போதவில்லை. "நான் பெரியவளாகுற வரைக்கும்."

"எனக்கு அந்த வண்டி ஓட்டத் தெரியாதே!"

"கெம் சொல்லித் தருவான். அவன் திருட்டுத்தனமா ஓட்டியிருக்கான்."

"ஏய்!" என்றான் கெம். சம்லியின் தலை எங்கள் பக்கம் திரும்பியது.

பிக்குன் என் கையைப் பற்றி முன்னே அழைத்துச் சென்றாள். தகன உலையின் படிகளில் நால்வரும் ஒன்றாக ஏறினோம். பெட்டியின் அடியில் மலரை வைத்து, "மன்னிச்சுக்குங்க அண்ணே, சொல்லிட்டேன்," என்றேன். கீழே ஊதுகொம்பு ஒலித்தது. எட்டு வீரர்களும் வணக்கம் வைத்தனர். உலையின் இரும்புக் கதவு மூடப்பட்டது. புகைபோக்கியின் உச்சியில் முதற்புகை தோன்றிக் கடற்காற்றில் உள்நாட்டுப் பக்கம் சாய்ந்தது. "சின்னத் தாத்தா, தூக்குங்க, எனக்குத் தெரியல," என்றாள் மூக். தூக்கிக்கொண்டேன், நான் எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தாள். புகை வெளுத்து, மெலிந்து, பின் கண்ணுக்குத் தெரியாமற் போகும்வரை நாங்கள் நகரவில்லை. அப்போது மாலை மணி ஐந்து நாற்பத்தேழு.