ஐந்நூற்றைத் தாண்டிய விலை

பஸ் ஓட்டும் கணவனுக்கு அன்று விடுமுறை. வீட்டிலிருந்தே பங்கு வர்த்தகம் செய்யும் மனைவி, காலையிலேயே அவனைக் கணினி முன் இழுத்து உட்காரவைத்தாள்.

"இந்தப் பங்கு மூணு தடவை ஐந்நூறைத் தொட்டுட்டுத் திரும்பிடுச்சு. தாண்டினா உடனே வாங்கச் சொல்லிக் கை பரபரக்கும். போன மாசம் அப்படி வாங்கி ரெண்டு தடவை சூடுபட்டேன். என் கையைக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்க."

சிரித்துக்கொண்டே பிடித்துக்கொண்டான்.

பத்தரைக்கு விலை ஐந்நூற்று மூன்றுக்குத் தாவியது. அவள் விரல்கள் துடித்தன, அவன் விடவில்லை. வாங்க ஆள் சேரவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தாள். கால்மணி நேரத்தில் விலை ஐந்நூற்றுக்குக் கீழே விழுந்தது.

"பொய்த் தாவல்தான்! இப்ப விடுங்க."

இன்னும் இறங்கும் என்று கணித்து, கையில் இல்லாத பங்கை முதலில் விற்றாள்; சாயங்காலத்துக்குள் வாங்கி ஈடுகட்டிவிட்டால் போதும். விலை மறுபடி ஏறி ஐந்நூற்று நான்கைத் தொட்டால் சிறு நஷ்டத்தோடு வெளியேறவும் ஏற்பாடு செய்தாள். மதியத்துக்குள் விலை நானூற்று எண்பது. விற்றதை அந்தக் குறைந்த விலைக்குத் திரும்ப வாங்கி லாபத்தோடு எழுந்தாள்.

அவன் முகத்தில் மட்டும் சந்தோஷம் முழுசாக இல்லை.

"சூடுபட்டப்ப ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"நீங்க வருத்தப்படுவீங்கன்னுதான்."

"அதனால தனியா அழுதியாக்கும்? அடுத்த தடவை கூப்பிடு, ரெண்டு பேருமா உட்கார்ந்து அந்த விலையைத் திட்டுவோம்."

அவள் சிரித்தாள், கண் நிறைந்துவிட்டது.