தோள் பதினாலு அங்குலம்

தையல்காரம்மா வீட்டுப் பெண்ணுக்குத் துருதுரு என்று பெயர் வைத்தது யார் என்பதில் எங்கள் தெருவில் இன்னும் தகராறு. உட்கார்ந்தால் கால் ஆடும், நின்றால் கை எதையாவது குடையும். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்பார்கள். என்ன பிரயோஜனம்? இருபது வயது வரைக்கும் அந்தச் சக்கரம் வீட்டுக்கும் கல்லூரிக்கும் நடுவில்தான் உருண்டது. அம்மாவின் தையல் மெஷின் சத்தம் கேட்காத ஓர் ஊரில் ஒரே ஒரு ராத்திரி தூங்கி எழ வேண்டும். அவள் ஆசை அவ்வளவுதான்.

ஊரையும் பார்த்து வைத்திருந்தாள். ஏரிக்கரை, மூன்று மணி நேரப் பயணம். மாணவர் அட்டையைக் காட்டினால் பஸ்ஸில் பாதி டிக்கெட். தங்குவதற்கு எட்டுக் கட்டில் போட்ட பெண்கள் அறை. போர்வை அவர்களுடையது, தலையணை உறை நம்முடையது. சாப்பாட்டுக்கு வீட்டிலிருந்தே ரொட்டியும் அவித்த முட்டையும். இரண்டு மாதம் மூக்கால் அழுது, பாத்திரம் தேய்த்து, வாடிக்கையாளர் சட்டைகளுக்குப் பட்டன் தைத்துக் கொடுத்த பிறகுதான் அம்மா இறங்கி வந்தாள்.

"நாலு பேர்னா போ. ஒண்ணு குறைஞ்சாலும் பையைக் கீழ வெச்சிடணும். ஏமாத்தினேன்னு தெரிஞ்சுது, படிப்பு முடியற வரைக்கும் வாசப்படி தாண்ட மாட்டே."

"நாலு பேர்தாம்மா. கண்ணாடி, நெட்டை, பூனைக்குட்டி, நான்."

அந்த மூவரையும் அம்மா நேரில் பார்த்ததே கிடையாது. போன வருஷம் கல்லூரி ஆண்டுவிழாவுக்கு நால்வருக்கும் ஒரே மாதிரி சட்டை தைத்துக் கொடுத்திருந்தாள். அதற்கும் அவர்கள் வரவில்லை. அளவுக்கு ஆளுக்கொரு பழைய சட்டையைப் பையில் போட்டு அனுப்பியதோடு சரி.

சனிக்கிழமை காலை ஏழு மணி, பஸ் நிலையம். கண்ணாடிக்குக் காய்ச்சலாம். பூனைக்குட்டி வீட்டுக்குத் திடீரென்று பெரியப்பா வந்துவிட்டாராம். நெட்டைக்கு அனுப்பிய செய்தியில் நீலக் குறி விழுந்தது, பதில் விழவில்லை. துருதுரு பெஞ்சில் உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். பஸ் உறுமியது. படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏறும்மா, இல்லேன்னா வழியை விடு," என்றார் கண்டக்டர்.

ஏறிவிட்டாள்.

பத்தரை மணிக்கு ஏரியைப் பார்த்தாள். பதினோரு மணிக்குள் பார்த்து முடித்துவிட்டாள். முட்டையும் தீர்ந்தது. "எவ்ளோ பெரிசு பாரேன்" என்று சொல்ல ஆளில்லாத ஏரியை எவ்வளவு நேரம்தான் பார்ப்பது? கரையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நாலு தடவை நடந்தாள். அறைக்கு வந்து படுத்தாள். பக்கத்துக் கட்டில்களில் வேறொரு கல்லூரிப் பெண்கள் மூன்று பேர் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் போன்.

"எல்லாரும் சேர்ந்து நின்னு ஒரு போட்டோ அனுப்பு," என்றாள் அம்மா. பின்னால் மெஷின் கடகடவென்று ஓடியது.

 துருதுருவுக்கு மூளையும் காலைப் போலத்தான், சும்மா இருக்காது. அம்மாவுக்கு முகம் தெரியாது, இங்கே சரியாக மூன்று பேர். வெட்கத்தை விட்டுக் கேட்டாள்.

"போட்டோவா? உனக்கு நாங்க யாரு?" என்றாள் ஆட்டத்தில் ஜெயித்துக்கொண்டிருந்தவள்.

"அஞ்சு நிமிஷத்துக்கு உயிர்த் தோழி."

சிரித்தபடி வந்து நின்றார்கள். படம் போனது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, போன் திரும்ப அடித்தது.

"நடுவுல நிக்கறது யாருடி?"

"நெட்டைம்மா."

"நெட்டைக்குத் தோள் பதினாலு. இவளுக்குப் பதினாறுக்கு நூல்கூடக் குறையாது. ஒரு வருஷத்துல ரெண்டங்குலம் வளர அவ என்ன மூட்டை தூக்கறாளா?"

துருதுரு திரும்பி, நடுவில் நின்றவளின் தோளைப் பார்த்தாள்.

"பூனைக்குட்டிக்கு வலது தோள் இறக்கம். அளவுச் சட்டையிலேயே தெரிஞ்சுது, உள்ள பஞ்சு வெச்சுத் தச்சேன். இதுல ஒருத்திக்கும் இறக்கம் இல்ல. அதுங்க எங்க?"

"வரலம்மா. மூணு பேரும் வரல. நான் மட்டும்தான்."

மெஷின் நின்றது. சனிக்கிழமை மத்தியானத்தில் அது நின்று துருதுரு கேட்டதில்லை.

"ஆறு மணிக்குக் கடைசி பஸ். ஏறு."

"ஏற மாட்டேம்மா." சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது. "பொய் சொன்னது தப்புதான். வாசப்படி தாண்ட விடாதே, சரி. எப்படியும் இனிமே விடப்போறதில்ல இல்ல? அதனாலதான் இன்னிக்கு ஒரு ராத்திரி இருந்துட்டு வரேங்கறேன்."

அந்தப் பக்கம் கத்தரிக்கோலை மேஜையில் வைக்கும் சத்தம்.

"அந்தப் பதினாறு அங்குலத்துகிட்ட போனைக் குடு."

பதினாறு அங்குலம் போனோடு ஜன்னலோரம் போனாள். "சரிங்க ஆன்ட்டி" என்று பத்துத் தடவையாவது சொல்லியிருப்பாள். நடுவில் ஒருமுறை வலது கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டாள். துருதுரு அதற்குள் தலையணை உறையின் ஓரத்தை நூல் நூலாகப் பிரித்துவிட்டாள்.

"நீ என் பக்கத்துக் கட்டில்லதான் படுக்கணுமாம். காலைல முதல் பஸ்ஸுக்கு நான்தான் ஏத்தி விடணுமாம். அப்புறம், என் சட்டைக்குக் கைக்குழி தப்பா வெட்டியிருக்காம், கையைத் தூக்கினா இழுக்குமேன்னாங்க. இழுக்குதுடி! உங்கம்மா யாரு, டாக்டரா?"

"வாசப்படி பத்தி ஏதாவது சொன்னாங்களா?"

"வந்தா பேசிக்கறாங்களாம்."

அன்றைக்குச் சாயங்காலம் தையல்காரம்மா வீட்டில் மெஷின் ஓடவே இல்லை. கேட்டால் ஊசி உடைந்துவிட்டது என்றாள். ஏரிக்கரையில் துருதுரு ஏக்கத்தில் புரண்டு புரண்டு படுத்தாள் என்று சொல்லத்தான் எனக்கும் ஆசை. குறட்டை விட்டாள் என்பதற்குப் பதினாறு அங்குலமே சாட்சி.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத் துருதுரு பையோடு வாசலில் நின்றாள். உள்ளே போக யோசித்தாள். அம்மா தலையைத் தூக்கவில்லை.

"தலையணை உறையை எடு. என்ன பண்ணி வெச்சிருக்கே அதை?"

எடுத்துக் கொடுத்தாள். பிரிந்த ஓரத்தை அம்மா விரலால் தடவிப் பார்த்தாள், மெஷினுக்கு அடியில் செருகினாள், மிதித்தாள்.

"அடுத்த வாட்டி எவளெவ கூட வரேங்கறாளோ, அவளுங்களை முன்னாடியே இங்க கூட்டிட்டு வா. நேர்ல நிக்க வெச்சு அளவெடுக்கணும்."

துருதுருவுக்குக் காதில் விழுந்தது 'அடுத்த வாட்டி' மட்டும்தான். இன்னும் வாசப்படியில்தான் நின்றாள். கால் ஆட ஆரம்பித்துவிட்டது.